மருந்தை அளக்கிறேன் என்று என்னையே அளந்துகொண்டிருந்த எட்டு மாதம்

ஆய்வுக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் எட்டு மாதத்தையும், 32 எலிகளையும், அந்த ஆண்டு வேதிப்பொருள் வாங்க ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேலும் ஒரே ஒரு பழக்கத்தால் தொலைத்தேன். கதவோரம் இருக்கும் கூண்டில் ஆரம்பித்து, வரிசையாக ஒவ்வொரு கூண்டாக இரத்தம் எடுத்துக்கொண்டே போவதுதான் அந்தப் பழக்கம். படித்தால் சிரிப்பு வரும், எனக்கே இப்போது வருகிறது. ஆனால் அந்த நாட்களில் யாராவது ஒருவர் தோளைத் தட்டி "எந்த வரிசையில் எடுக்கிறாய்?" என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். விலங்குகளில் ஹார்மோன் அளக்கப் போகிறவர்களுக்கு நேரடியாக உதவும், நோயாளிகளின் இரத்தத்தை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

வேலை இதுதான். ஒரு சேர்மம் மன அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். 32 ஆண் எலிகள், கூண்டுக்கு இரண்டு வீதம் 16 கூண்டுகள். 8 கூண்டுக்குச் சேர்மம், 8 கூண்டுக்கு அதைக் கரைக்கும் திரவம் மட்டும், அதாவது கண்ட்ரோல். வாரம் ஒருமுறை வாலிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து அதில் கார்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று, நிறத்தை வைத்து அளக்கும் எலிசா முறையில் பார்ப்பது, ஆறு வாரம். திட்டத்தைக் காகிதத்தில் எழுதியபோது இதில் தவறு நடக்க இடமே இல்லை என்று நினைத்தேன். முதல் தவறு, அளப்பதற்கான பொருட்கள் அடங்கிய பெட்டியை, அதாவது கிட்டை, வாங்கும்போதே நடக்கப் பார்த்தது. மனிதர்களில் அழுத்தத்துக்குக் கார்டிசால் என்ற ஹார்மோனைத்தானே அளப்பார்கள் என்று கார்டிசால் கிட்டை ஆர்டர் செய்யும் பக்கம் வரை போய்விட்டேன். எலியின் அட்ரீனல் சுரப்பியில் கார்டிசால் செய்யத் தேவையான ஒரு நொதி கிடையாது, அதனால் எலியும் சுண்டெலியும் முக்கியமாகச் சுரப்பது கார்டிகோஸ்டீரோன்தான். பக்கத்து மேசைக்காரர் தற்செயலாகத் திரையைப் பார்த்ததால் தப்பித்தேன். கிட்டின் அட்டையில் எலி, மனிதன், குரங்கு என்று எத்தனை பெயர் அச்சிட்டிருந்தாலும், நீங்கள் அளக்கும் விலங்கு அந்தப் பொருளைச் சுரக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரத்தம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அங்கேதான் இருந்தது. எலியைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்து, வாலை வெதுவெதுப்பாக்கி, நுனிப்பக்கம் சின்னதாக ஒரு கீறல். துளி திரண்டு வரும்போது நுண்குழாயை அதன் அருகில் சாய்த்துப் பிடித்தால் தானாக ஏறும். சொல்ல எளிது, முதல் வாரம் பாதி எலிக்குத் துளியே வரவில்லை. நான் என்ன செய்தேன், வாலை அடியிலிருந்து நுனி வரை அழுத்தி உருவினேன். இரத்தம் வந்தது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தபோது மேலே நிற்க வேண்டிய வைக்கோல் நிறத் திரவம் ரோஜா நிறத்தில் இருந்தது. சிவப்பணு உடைந்திருக்கிறது, ஹீமோலிசிஸ். உருவும்போது திசுநீரும் கலந்து மாதிரி நீர்த்துப் போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதே மாதிரிகளில் மிச்சத்தை வாங்கிப் பொட்டாசியம் பார்த்த தோழி, "உன் எலிகள் எல்லாம் செத்திருக்க வேண்டும்" என்றாள். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியில் இருப்பதைப் போல 20 மடங்குக்கு மேல், கொஞ்சம் உடைந்தாலே எண் எகிறிவிடும். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு இன்னொன்று சொன்னார். பொட்டாசியம் தாறுமாறாக ஏறி, அதோடு கால்சியம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தால் அது நோயில்லை, யாரோ ஊதா மூடிக் குழாயிலிருந்து வேறு குழாய்க்கு இரத்தத்தை ஊற்றியிருக்கிறார்கள். ஊதா மூடிக் குழாயில் இருப்பது இரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் சேர்ந்த ஈடிடிஏ உப்பு, அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரியின் நிறத்தையும் நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: தெளிவு, லேசான சிவப்பு, சிவப்பு. சிவப்பை அளக்காமலே விட்டுவிட வேண்டும், மனசு வராது, ஆனாலும் விட வேண்டும்.

மூன்றாம் வாரத்துக்குள் கை பழகிவிட்டது. ஒரு எலிக்கு நான்கு நிமிடம், 32 எலிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். காலையில் போனால் முடிக்கும்போது பகலாகியிருக்கும். மருந்துக் குழுவை முதலில் முடித்துவிடுவேன், ஏனென்றால் அவை கதவோரத் தட்டுகளில் இருந்தன, அடுத்து அவற்றுக்கு மருந்து கொடுக்கும் வேலையும் இருந்தது. கண்ட்ரோல் குழு உள்ளே, சுவரோரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. கடைசி எலிகளில் சிலவற்றுக்குக் கண்ணோரம் சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். இரத்தமோ என்று பயந்து பஞ்சால் துடைத்தேன். அது இரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி, எலி மிரட்சியிலோ நோயிலோ இருந்தால் அதிகமாக வழியும். எலி முகத்திலேயே எழுதி வைத்திருந்தது. நான் துடைத்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனேன்.

இரத்தம் சேர்ந்த பிறகு பிளேட் வேலை. மாதிரிகளை ஊற்றும் தட்டுதான் பிளேட், அதில் 96 குழி, இரண்டு வரிசை ஸ்டாண்டர்டு, அதாவது அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுத் திரவம், பிறகு மருந்துக் குழு, அதற்கப்புறம் கண்ட்ரோல். குழாய்ப் பெட்டியில் இருந்த அதே ஒழுங்கு, குழப்பமே வராது என்று பெருமை வேறு. நிறம் வர வைக்கும் திரவத்தை ஒற்றைப் பிப்பெட்டால் குழி குழியாக ஊற்றினேன், நேரம் பிடித்தது. அதை நிறுத்தும் அமிலத்தை மட்டும் பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கிய எட்டு முனைப் பிப்பெட்டால் மடமடவென்று ஊற்றிவிட்டேன். ஆக, கடைசிக் குழிகளுக்கு நிறம் ஏறக் கிடைத்த நேரம் சில நிமிடம் குறைவு. இந்த வகை எலிசாவில் நிறம் குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம், தலைகீழ். கடைசிக் குழிகள் யாருடையவை? கண்ட்ரோல். புரிகிறதா, ஒவ்வொன்றும் ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருந்தது. எந்த வேகத்தில், எந்த வரிசையில் ஊற்றுகிறோமோ அதே வேகத்தில் அதே வரிசையில்தான் நிறுத்தவும் வேண்டும் என்று கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அந்த வரியை நான் அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன்.

நான்கு பிளேட் முடிந்ததும் கிட் கம்பெனியில் சரக்கு தீர்ந்துவிட்டது. வேறு கம்பெனி கிட்டை வாங்கி ஐந்தாம், ஆறாம் வாரத்தை அதில் ஓட்டினேன். ஐந்தாம் வாரத்தில் எல்லா எலிக்கும் கார்டிகோஸ்டீரோன் ஏறியிருந்தது. ஏன் ஏறியது என்று அரைப் பக்கம் விளக்கம் எழுதினேன், வயது, உடல் எடை, வாரக்கணக்கான ஊசி என்றெல்லாம். இன்றும் அந்த அரைப் பக்கத்தைப் படித்தால் காது சூடாகும். பிறகு 20 மாதிரிகளை இரண்டு கிட்டிலும் ஓட்டிப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது, புதுக் கிட் சுமார் ஒன்றரை மடங்கு கூட்டிக் காட்டுகிறது. அந்த ஒப்பீட்டுக் கிட்டுக்கு என் கைக்காசு போனது, இரண்டு மாத உதவித்தொகை. இதில் ஒரு பொறி உண்டு. இரண்டு கிட்டின் எண்களும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைப் போட்டால் ஏறக்குறைய 1 வருகிறது, அடடா அருமை என்று தோன்றும். ஒன்று மற்றொன்றின் ஒன்றரை மடங்காக இருந்தாலும் கெழு 1தான் வரும். இரண்டு அளவு முறைகள் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் சராசரிக்கு எதிராக வரைய வேண்டும். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் மருத்துவர்களுக்குச் சொன்னது அதைத்தான். அதைவிட எளிய வழி, சண்டையே வராத வழி, ஒரே எலியின் எல்லா வாரத்து மாதிரியையும் ஒரே பிளேட்டில் வைப்பது. வாரத்துக்கு ஒரு பிளேட் என்று வைத்தால் பிளேட்டின் குணம் வாரத்தின் குணமாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். இன்னொன்று, தேவையில்லாத எலி இரத்தத்தையெல்லாம் சேர்த்துக் கலந்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைத்து, ஒவ்வொரு பிளேட்டிலும் ஒன்றை ஓட்டுங்கள். மருத்துவ ஆய்வகங்களில் லீவி-ஜென்னிங்ஸ் வரைபடம் என்று பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்கிறார்கள். அந்த ஒரு மாதிரியின் எண் எகிறினால் எலி மாறவில்லை, நீங்களோ கிட்டோ மாறியிருக்கிறீர்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு முடிவு எப்படி வந்தது தெரியுமா? கண் கூசும் அளவுக்கு அழகாக. மருந்துக் குழுவின் சராசரி கண்ட்ரோலில் பாதிக்கும் குறைவு, ஆறு வாரமும் அப்படியே. வழிகாட்டிப் பேராசிரியர் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். அந்த வாரம் நான் நடந்த நடையே வேறு. அப்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க வேண்டும்: நிம்மதியாக இருக்கும் எலிக்குக் காலையில் மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராம்தான் இருக்கும், மிரண்டால்தான் நூற்றுக்கணக்கில் போகும். எனக்கு மருந்துக் குழுவிலேயே 90க்கு மேல், கண்ட்ரோலில் 200ஐத் தாண்டியது. அதாவது ஒன்றுமே செய்யாத எலிகள் நாள் முழுக்கக் கட்டிப் போட்டு வைத்த எலிகளைப் போல இருந்தன. இரண்டு குழுவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேனே தவிர, இரண்டையும் சாதாரண எலியோடு ஒப்பிடத் தோன்றவில்லை. வித்தியாசத்தைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள், அது நம்பக்கூடிய எண்ணா என்று.

கட்டுரை அனுப்புவதற்கு முன் இன்னும் ஒரு வாரம் எடுத்துவிடலாம் என்றார் பேராசிரியர். ஏழாம் வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல். ஜூனியர் தம்பி ஒருவர் இரத்தம் எடுத்துக் கொடுத்தார், நல்ல கை, நிறமெல்லாம் தெளிவு. பிளேட்டைப் படித்தபோது மருந்துக் குழு அதிகம், கண்ட்ரோல் குறைவு. அப்படியே தலைகீழ். அவர் குழாய்களை மாற்றிப் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். நேரில் கேட்டேன், கேட்ட விதம் நன்றாக இல்லை, அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டேன் என்றாலும் இன்னும் உறுத்துகிறது. அவர் நோட்டை எடுத்துக் காட்டினார், ஒவ்வொரு குழாய்க்கும் காதுக்குறி எண் எழுதியிருந்தது, ஒரு தவறும் இல்லை. அப்புறம் வேறு காரணம் தேடினேன். ஆண்கள் அறையில் இருந்தாலே, ஏன், ஆண் அணிந்த பனியன் வாசனைக்கே எலிகள் அழுத்தத்துக்கு ஆளாகின்றன என்று 2014இல் ஒரு கனடா ஆய்வுக்குழு காட்டியிருக்கிறது, உண்மையான ஆய்வு. ஆஹா, இதுதான் என்று பிடித்துக்கொண்டேன். அந்த வாசனை இரண்டு குழுவுக்கும்தானே அடித்திருக்கும் என்று ஒரு நொடி யோசித்தால் போதும், யோசிக்க விரும்பவில்லை. பேராசிரியரோ 1999 ஆய்வை நினைவுபடுத்தினார், அமெரிக்காவிலும் கனடாவிலும் மூன்று ஆய்வகங்கள் ஒரே இனச் சுண்டெலிகளை ஒரே முறையில் சோதித்தும் சில முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறாக வந்தன. ஆள் மாறினால் இப்படித்தான் ஆகும் என்றார். அந்த வாரத்தை விட்டுவிடலாம் என்ற பேச்சு வரை வந்துவிட்டது. விட்டிருந்தால் பொய்யான ஒரு கட்டுரை என் பெயரில் இன்று அச்சில் இருந்திருக்கும்.

முடிச்சை அவிழ்த்தவர் விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். கூண்டு கழுவிக்கொண்டே, நான் புலம்புவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நீ எப்பவும் கதவுப் பக்கத்துலேர்ந்துதான ஆரம்பிப்ப? தம்பி அன்னிக்கு சுவத்துப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சாரு. நீ வர்ற அன்னிக்குக் கடைசித் தட்டுல இருக்கறதுங்க எல்லாம் ரொம்ப நேரம் எந்திரிச்சு நின்னுக்கிட்டே இருக்கும்மா, மூக்க மூக்கத் தூக்கிக்கிட்டு." நான் பதில் சொல்லாமல் மேலே போய்க் கணினியைத் திறந்தேன்.

நான் குழாய்களுக்கு எண் போட்டது எடுத்த வரிசையில், 1லிருந்து 32 வரை. அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. மருந்து, கண்ட்ரோல் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் குழாய் எண்ணுக்கு எதிராக வரைந்தேன். இடமிருந்து வலம் ஏறிக்கொண்டே போனது. ஏறும் கோடும் நேராக இல்லை, ரம்பம் போலப் பல் பல்லாக: ஒற்றைப்படை எண் கீழே, இரட்டைப்படை எண் மேலே. கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் உறைத்தது, ஒரு கூண்டில் இரண்டு எலி. முதல் எலியை எடுத்து நான்கு நிமிடம் நான் வேலை செய்யும்போது, கூண்டு திறந்து கிடக்க, கூட்டாளியைக் காணாமல் இரண்டாவது காத்திருக்கிறது. எலியைத் தொந்தரவு செய்து ஏறக்குறைய 3 நிமிடம் கடந்ததும் இரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் ஏற ஆரம்பித்துவிடும், கால் மணி, அரை மணியில் உச்சத்துக்குப் போகும். ஜூனியர் எடுத்த ஏழாம் வாரத்தையும் அவர் எடுத்த வரிசையில் வரைந்தேன். அதே ஏற்றம், அதே பல். எதிர்த் திசையிலிருந்து ஆரம்பித்ததால் கண்ட்ரோல் முதலில், மருந்து பின்னால். நாங்கள் இருவரும் அளந்தது ஒன்றையே: எங்கள் காலடி கேட்டு எத்தனை நேரம் ஆனது என்பதை. அதோடு எலி இரவில் நடமாடும் பிராணி, அதற்கு இந்த ஹார்மோன் விளக்கு எரிய ஆரம்பிக்கும் காலையில் தாழ்ந்திருந்து, விளக்கு அணையும் நேரத்தை நெருங்க நெருங்க ஏறும், நமக்கு நேர்மாறு. தாமதமாக முடித்த நாட்களில் அதுவும் கடைசி எலிகளோடு சேர்ந்துகொண்டிருக்கும்.

அன்று இரவு தூங்கவில்லை. அழுகை வரவில்லை, வயிற்றில் ஏதோ கனமாக உட்கார்ந்திருந்தது. மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறக் கடிதம் எழுத வேண்டும், பேராசிரியரிடம் சொல்ல வேண்டும். மூன்று நாள் சொல்லாமல் தள்ளிப் போட்டேன். சொன்னபோது அவர் திட்டவில்லை, படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை நானும் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். ஹான்ஸ் செல்யே என்ற பெயர் அடிக்கடி நினைவுக்கு வந்தது. எலிக்குச் சுரப்பிச் சாறு ஊசி போட்டு அட்ரீனல் பெருப்பதையும், மார்பில் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்குவதையும், இரைப்பை புண்ணாவதையும் கண்டு புது ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று நினைத்த மனிதர், திசுக்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினைப் போட்டாலும் அதே மூன்றும் வருவதைப் பார்த்து நொந்து போனார். ஆனால் அவர் அதையே பிடித்துக்கொண்டு 1936இல் உடலின் அழுத்த எதிர்வினையைப் பற்றி எழுதினார், எனக்குக் கிடைத்தது திரும்பப் பெறும் கடிதம்தான். எலிகளின் நினைப்பு இன்னும் மோசம். விலங்கு ஆய்வில் குறைவான விலங்குகளைப் பயன்படுத்து, அவற்றின் துன்பத்தைக் குறை, முடிந்தால் விலங்கே இல்லாமல் செய் என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் சொன்னதை எத்திக்ஸ் கமிட்டிப் படிவத்தில் நானே அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது அதே கமிட்டியிடம் இன்னும் 32 வேண்டும் என்று போய் நின்றேன், ஏன் என்று எழுத்தில் விளக்கி.

இரண்டாவது முறை ஆரம்பிக்கும் முன் ஒரு புள்ளியியல் ஆசிரியரிடம் போனேன். அளவெல்லாம் எடுத்த பிறகுதான் அவரிடம் போவோம் என்பது எங்கள் துறையில் எழுதாத விதி, அந்த விதியை உடைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். குழுவுக்கு 16 எலி என்றேன். மருந்தை எலிக்கு எலி பிரித்துக் கொடுத்தாயா, கூண்டுக்குக் கூண்டா என்று கேட்டார். கூண்டுக்கு. அப்படியானால் உன்னிடம் இருப்பது 16 இல்லை, 8 என்றார். ஒரே கூண்டில் இருப்பவை ஒன்றையொன்று பாதிக்கும், தனித்தனி சாட்சியாக எண்ண முடியாது. இதற்குப் போலி மீள்பிரதி என்று பெயர், ஹர்ல்பர்ட் 1984இல் சூழலியலாளர்களைப் பார்த்துச் சொன்னது, எங்கள் துறையில் பாதிப் பேருக்கு இன்னும் எட்டவில்லை. ஒரு கூண்டிலேயே ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்குக் கண்ட்ரோல் என்று பிரித்துவிடு என்றார். ஒரே யோசனையில் கூண்டு, தட்டு, கதவு எல்லாமே இரண்டு குழுவுக்கும் சமமாகிவிட்டது. மலம் தின்று மருந்து மற்றதற்குப் போய்விடாதா என்று நான் கேட்டேன், எலி தன் மலத்தைத் தின்னும். அவருக்கு அது தெரியாது. வலைத்தரை போட்டால் அந்தப் பிரச்சினை குறையும், ஆனால் எலியின் பாதத்துக்கும் நிம்மதிக்கும் கேடு. கடைசியில் கூண்டுக்குக் கூண்டே வைத்துக்கொண்டு, கூண்டைத்தான் ஒரு எண்ணாகக் கணக்கிட்டோம், கூண்டுகளின் இடத்தைச் சீட்டுப் போட்டுத் தட்டுகளில் கலைத்தோம்.

அடுத்த முறை என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன், இதுதான் உங்களுக்குப் பயன்படும். முதல் இரண்டு வாரம் இரத்தமே எடுக்கவில்லை. தினமும் போய் எலியைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்து, வாலைத் தடவிவிட்டுத் திரும்ப விட்டேன். நேரம் வீணாகிறதே என்று கை பரபரக்கும், ஆனால் இந்த இரண்டு வாரத்துக்கு ஈடாக எதுவுமே இல்லை. எடுக்கும் நாளில் கூண்டு வரிசையைக் கணினி குலுக்கிக் கொடுத்தது, நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரே கூண்டை மட்டும் அடுத்த அறைக்குக் கொண்டுபோனோம். நானும் ஜூனியரும் ஆளுக்கு ஒரு எலி, ஒரே சமயத்தில். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவது எலியைத் தொடும்போது இல்லை, கூண்டில் கை வைக்கும்போது. 3 நிமிடம் தாண்டினால் அந்த மாதிரியை எடுத்தாலும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே எழுதி வைத்துவிட்டோம், எண்ணைப் பார்த்த பிறகு முடிவு செய்யக் கூடாது. மயக்க மருந்து கொடுத்தால் சுலபமாக இருக்குமே என்று ஒருவர் சொன்னார், மயக்க மருந்தே இந்த ஹார்மோனையும் சர்க்கரையையும் மாற்றிவிடும், வேண்டாம் என்று விட்டோம். ஒரே நாளில் 16 கூண்டையும் முடிக்காமல் இரண்டு நாளாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் இரண்டு குழுவிலும் சம எண்ணிக்கை. குழாயில் மருந்து, கண்ட்ரோல் என்று இல்லாமல் வெறும் எண், எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியல் பேராசிரியரின் மேசை அறையில். குழாய்மேல் பேனாவில் எழுதாதீர்கள், ஆல்கஹால் பட்ட கையால் தொட்டாலே அழியும், முதல் தடவை எனக்கு இரண்டு குழாய் அப்படி அநாதையாகிவிட்டது. மைனஸ் 80 டிகிரிக் குளிரைத் தாங்கும் ஒட்டுத்தாள் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். உறைய வைப்பதற்கு முன்பே மாதிரியை இரண்டு மூன்று சின்னக் குழாய்களாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் முழுவதையும் உருக்கி உறைய வைக்க வேண்டியிருக்காது.

முடிவு? இரண்டு குழுவும் முப்பது, நாற்பது என்ற அளவில், பக்கத்தில் பக்கத்தில். சேர்மம் ஒன்றும் செய்யவில்லை, குறைந்தபட்சம் அந்த அளவில், அந்த எலிகளில். ஏமாற்றம்தான், ஆனால் அந்த முப்பது என்ற எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. முதல் முறையாக நிம்மதியாக இருக்கும் எலியை அளந்திருக்கிறேன். முதல் 32 எலிகளின் எண்களைக் குப்பையில் போடவில்லை, எடுக்கும் வரிசை கார்டிகோஸ்டீரோனை எப்படி மாற்றுகிறது என்று ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமாக வைத்தேன், ஜூனியர் எடுத்த ஏழாம் வாரத்தோடு, அவருக்கு நன்றி சொல்லி.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் திறந்தார். "அறைக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள்?" என்று கேட்டார். இரண்டாவது தொகுப்புக்கு நிமிடக் கணக்கில் சொன்னேன். முதல் தொகுப்புக்கு நோட்டைத் திறந்து காட்டினேன், ஆறு வாரத்துக்கும் "காலை" என்று மட்டும்தான் எழுதியிருந்தது.